ரப்பர் காது

எந்த வாயை அடக்கச் சொல்லி அம்மா இருபது வருடம் திட்டினாரோ, அந்த வாய்க்குத்தான் ஓசூரில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் கடைசி வருடங்கள். சிப்காட்டில் பட்டன் போன்களைப் பாகம் பாகமாகப் பூட்டி அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனி. பூட்டி முடித்த போனில் பேசிப் பார்த்து, நன்றாகக் கேட்கிறதா, கரகரக்கிறதா என்று சொல்வது என் பொறுப்பு. பேசுவதற்குக்கூட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அது எனக்கென்றே உண்டாக்கிய வேலைதான் என்றார் அத்தா.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கிருஷ்ணகிரியில் அலுமினியப் பாத்திரக் கடை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. எங்கள் தெருவிலேயே கிடையாது. விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால் நாள் முழுக்க போனில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னால், அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்கு ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்தார்கள். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

வேலை நடந்தது ஒரு நீளமான கூடத்தில். தெற்குக் கோடியில் என் மேஜை, வடக்குக் கோடியில் இன்னொரு பெண்ணின் மேஜை. நடுவில் ஈயம் பற்றவைக்கிற பெண்களின் வரிசையும், உதிரிப் பாகங்கள் அடுக்கிய ஆளுயர இரும்பு அலமாரிகளும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தார்கள். குரல் நேராகவே காதில் விழுந்தால் பிறகு போனை எப்படிச் சோதிப்பது? இரண்டு மேஜைக்கும் நடுவே ஒரு ஒயர். இந்த முனையில் நான் ஒரு புதுப் போனைச் சொருகுவேன், அந்த முனையில் அவள் ஒரு புதுப் போனைச் சொருகுவாள். நான் பேசி அவள் கேட்க வேண்டும், அவள் பேசி நான் கேட்க வேண்டும். ஒரு போனுக்கு அரை நிமிடம். நல்ல போனுக்குப் பச்சைச் சீட்டு, கெட்ட போனுக்குச் சிவப்புச் சீட்டு. சிவப்பு ஒட்டினால் அது ரிப்பேர் மேஜைக்குப் போகும்.

என்ன பேச வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. முதல் வாரம் ஹலோ சொல்லி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம். எத்தனை நாளைக்குத்தான் எண்ணுவது? இரண்டாம் வாரமே பேச ஆரம்பித்துவிட்டோம்.

அவள் ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவாள். என்னைவிட ஒரு வயது சின்னவள், ஆனாலும் என்னை 'ஏம்மே' என்றுதான் கூப்பிடுவாள். அவள் பாகலூர் வழியாக டவுன் பஸ்ஸில் வருவாள், நான் கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். கம்பெனி வாசலைத் தாண்டினால் எங்களுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் சிநேகிதம் முழுக்க அந்த ஒயருக்குள்தான் இருந்தது.

பேச்சை அரை நிமிடத் துண்டுகளாக நறுக்கிப் பேசக் கற்றுக்கொண்டோம். கதை பாதியில் இருக்கும்போது போன் மாற்ற வேண்டி வரும். அடுத்த போனை எடுத்ததும் ஹலோ கிடையாது, யாரு என்ற விசாரிப்பு கிடையாது, விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடுவோம். அவளைப் பெண் பார்க்க மாலூரிலிருந்து வந்தவர்கள் போண்டாவை எல்லாம் காலி செய்துவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிப் போன கதையைப் பன்னிரண்டு போனில் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் ஒரு போனில் மைக் அதிர்ந்து, அதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. எந்தெந்த ஊர்களிலோ யார் யார் வீட்டிலோ உட்காரப் போகும் போன்கள் எல்லாம் முதன்முதலில் கேட்டது எங்கள் இருவரின் வம்பைத்தான்.

விசித்திரம் என்னவென்றால், மத்தியானம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச்சே வராது. ரசத்தை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வோம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவளிடம்தான் அந்தக் கேள்வி. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். இவளிடமா காலையில் அத்தனையும் சொன்னோம் என்று தோன்றும். மேஜைக்குத் திரும்பிப் போனைக் காதில் வைத்ததும் இருவருக்கும் உயிர் வந்துவிடும். முகம் இல்லாத இடத்தில்தான் மனம் திறக்கிறது என்று இன்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது அப்போதே நடந்தது. அது நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஒருநாள் ஏழு போன் நீளத்துக்கு அவள் ஒரு விஷயம் சொன்னாள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, வலது காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. இடது காதை வைத்துத்தான் இந்த வேலையைப் பார்க்கிறாள். அதுவும் முழுசாக இல்லை. சந்தேகம் வந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுகிறாள். கெட்ட போன் வெளியே போவதைவிட நல்ல போன் ரிப்பேருக்குப் போவது மேல் என்று அவள் கணக்கு. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வீட்டில் வேறு யாருக்கும் வேலை இல்லை என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எட்டாவது போனில் வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்காகக் குரலை உயர்த்தியே பேசினேன். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போயும் அதே சத்தத்தில் பேசி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாக்கைக் காப்பாற்றியது நான்கு மாதம்.

அவளுடைய ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அவள் இடத்தில் பற்றவைக்கும் வரிசையிலிருந்து சேலத்துப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணிடமும் பேச்சு வளர்ந்தது. மூன்றாம் நாள் காலையிலும் அந்தப் பெண்தான் உட்கார்ந்தாள். பஸ் வரவில்லை போலிருக்கிறது, பேரிகைக்காரி வந்து சேரவில்லை. சேலத்துப் பெண் ஒரு விஷயம் கேட்டாள். வடக்கு மேஜையிலிருந்து மட்டும் இத்தனை சிவப்புச் சீட்டு வருகிறதே, ரிப்பேர் மேஜையில் பிரித்துப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லையாமே, ஏன்?

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் எனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது அடுத்தவளை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் அரை நிமிடம் முடிந்தது. பச்சைச் சீட்டை ஒட்டினேன். அடுத்த போனைச் சொருகினேன். வழக்கப்படி ஹலோ இல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். நல்ல சத்தமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"அவளுக்கு ஒரு காது செவுடு. இன்னொண்ணும் அரைகுறைதான். அதான் நல்ல போனெல்லாம் ரிஜெக்ட் பண்றா. வெளிய சொல்லாத, என்ன?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று பட்டனைத் தட்டினேன். அப்புறம் ஒரு குரல் வந்தது.

"கேட்டுச்சு. அடுத்த போன் எடு."

பேரிகைக் குரல். நான் சீட்டு ஒட்டிய நேரத்தில் அவள் வந்து சேர்ந்து, சேலத்துப் பெண்ணை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, கையில் கிடைத்த போனைக் காதில் வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே நின்ற சேலத்துப் பெண்ணுக்கும் விஷயம் பாதி புரிந்திருக்கும். என் குரல்தான் அத்தனை சத்தமாயிற்றே.

அவமானமாக இருந்தது. எழுந்து அந்தக் கோடிக்குப் போயிருக்க வேண்டும். நாற்பது தப்படிதான் இருக்கும். போகவில்லை. அடுத்த போனை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள்.

அப்படியே மூன்று வாரம் எண்ணினோம். தினமும் இன்று சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறுவேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. கேன்டீனில் அவள் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். போனில் சொல்லலாம் என்றால், அவள் எண்ணுகிற தோரணையே என் வாயை அடைத்தது. எனக்கு ரோஷமும் அதிகம். அவளாவது திட்டியிருக்கலாமே, திட்டினால் நான் பதிலுக்கு அழுதிருப்பேனே என்று அவள் மேலேயே கோபப்பட்டுக்கொண்டேன். தப்பு செய்தவளுக்குத்தான் எத்தனை வக்கணை!

அந்தச் சமயத்தில்தான் மெஷின் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி அறை போட்டு, ஒரு கம்ப்யூட்டரையும் அதனோடு ஒரு பெட்டியையும் பொருத்தினார். பெட்டியின் மேல் ரப்பரில் ஒரு வாய், ரப்பரில் ஒரு காது. போனின் கைப்பிடியை அதன்மேல் கவிழ்த்து வைத்தால், ரப்பர் வாய் ஒரு சத்தம் எழுப்பும், ரப்பர் காது ஒரு சத்தத்தைக் கேட்கும். சிவப்பு எழுத்தில் ஒரு எண் வரும். எண் சரியாக இருந்தால் பச்சை விளக்கு. எல்லாம் எட்டு நொடி. நாங்கள் எல்லோரும் கூட்டமாக நின்று பார்த்தோம். இனிமேல் அதுவே பேசி அதுவே கேட்டுக்கொள்ளும் என்று யாரோ சிரித்தார்கள். அவளும் கூட்டத்தில் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து பேசிச் சோதிப்பது கிடையாது என்றார் சூப்பர்வைசர். மெஷினுக்கு ஒரு ஆள் போதும். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு அந்த ஆள் நான்தான் என்றார். இன்னொருத்தி பேக்கிங்குக்குப் போகிறாள்.

"அந்தப் பொண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தமாமே. ஏதோ பேச்சு அடிபட்டுச்சு. நீயே பாரும்மா."

பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் சரிங்க சார் என்றேன். டெஸ்டிங் என்றால் காது கேட்பவள்தானே இருக்க வேண்டும், அது நியாயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பேச்சுச் சோதனையின் கடைசி நாள். இனி அந்த ஒயர் இருக்காது. அதில் சொல்லாவிட்டால் நான் எதிலும் சொல்லப் போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. காலையில் இருந்து ஒவ்வொரு போனாகத் தள்ளிப்போட்டேன். மத்தியானத்துக்கு மேல் போன் அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் போனைச் சொருகினேன். எண்ணவில்லை. உயர்த்திப் பேசியே பழகிய குரல் அன்றைக்கு உள்ளே போய்விட்டது. மன்னிச்சுக்கோ, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்தேன். மூக்கை உறிஞ்சினேன்.



"உன் போன்ல சத்தம் வரல. ரிஜெக்ட் போடு" என்றாள்.

சிவப்புச் சீட்டை ஒட்டினேன். ஆனால் ரிப்பேர் மேஜைக்கு அனுப்பவில்லை. அந்தப் போனைத் தனியாக எடுத்துக் கண்ணாடி அறையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஒரு வரியையே மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன். போன் உண்மையிலேயே கெட்டுப் போயிருந்தால் அவளுக்கு நான் சொன்னது கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்லலாம். நல்ல போன் என்றால், கேட்டுவிட்டுத்தான் என்னைத் தள்ளியிருக்கிறாள். அம்மா கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டதற்கு, தெரியவில்லை, திங்கட்கிழமைதான் தெரியும் என்றேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தப் போனைத்தான் மெஷினில் கவிழ்த்தேன். எட்டு நொடி. எண் வந்தது. பச்சை விளக்கு. இன்னொரு முறை வைத்தேன். மறுபடியும் பச்சை. மூன்றாம் முறையும் அப்படியே.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் மூக்கை உறிஞ்சி மன்னிப்புக் கேட்கிறேன், அவள் சத்தம் வரவில்லை என்கிறாளா? மத்தியானம் மணி அடித்ததும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக பேக்கிங் பிரிவுக்குப் போனேன். மூன்று வாரமாக மன்னிப்புக் கேட்க எழும்பாத கால்கள் சண்டை போட எவ்வளவு சுலபமாக நடந்தன என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பேக்கிங்குக்குச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு அப்புறம்தான், அவள் இன்னும் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் வைத்தேன். மெஷினில் போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் பச்சை, இது நல்ல போன் என்றேன். அவள் என் உதடுகளையே பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நல்ல போன்தான்மே. எனக்குத்தான் கேக்கல. நீ என்னமோ சொன்ன, அழற மாதிரி இருந்துச்சு. கேக்கலன்னு எப்படிச் சொல்றது? அதான் போன் மேல போட்டேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சனிக்கிழமை என்ன சொன்னாய் என்று கேட்டாள். அதற்குள் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் பட்டை அடிக்கும் இரைச்சல் கிளம்பிக் காதைப் பிளந்தது. கத்திச் சொன்னால் பேக்கிங் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எதற்கு இவளிடம் கத்துகிறாள் என்று கேட்பார்கள். ஒருமுறை செய்ததையே மறுமுறையும் செய்ததாகிவிடும். அவள் இடது பக்கம் போய், கையைக் குவித்து, அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னேன். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் மணத்தது. அத்தனை மாதம் பேசியவளை அத்தனை பக்கத்தில் அன்றுதான் அறிந்தேன். என்னவோ ரகசியம் என்று எதிர்ப்பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள்.

முழுதும் சொல்லி முடித்தேன். சேலத்துப் பெண் என்று நினைத்துப் பெருமைக்குச் சொன்னது, அது சூப்பர்வைசர் காதுவரை போனது, என்னால்தான் அவள் இங்கே பெட்டி ஒட்டுகிறாள் என்பது. அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். என் கையைப் பிடித்து ஒரு தட்டு தட்டினாள். விடுமே, ஆனது ஆச்சு என்றாள். எனக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா மூன்று வாரம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது, அந்த மெஷின் எப்படி, கஷ்டமா என்று விசாரித்தாள். மறுபடியும் சிநேகிதி ஆகிவிட்ட உற்சாகத்தில் அவள் காதோடு சொன்னேன். ஒரு கஷ்டமும் இல்லை. போனை அதன்மேல் கவிழ்க்க வேண்டியதுதான். ரப்பர் வாய் பேசும், ரப்பர் காது கேட்கும். நாம் எதையும் கேட்க வேண்டாம். எண்ணைப் பார்த்து, விளக்கைப் பார்த்து, சீட்டை ஒட்டினால் போதும்.

அவள் டேப்பை எடுத்து ஒரு பெட்டியின் வாயை மூடினாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"அப்ப அத நானே பாத்திருப்பேனே."

காதே வேண்டாத ஒரு வேலை அந்தக் கம்பெனிக்கு முதன்முறையாக வந்தது. பயப்படாமல், நடிக்காமல், சந்தேகத்துக்குச் சிவப்பு ஒட்டாமல் அவள் பார்த்திருக்கக்கூடிய வேலை. காது கேட்காது என்று சொல்லி அதை அவளிடமிருந்து பிடுங்கியவள் நான். அவள் மன்னித்தது நான் பேசியதை. நான் எடுத்துக்கொண்டது இன்னும் என் கையிலேயே இருந்தது.

சூப்பர்வைசரிடம் போய், சார், அந்த மெஷினுக்குக் காது தேவையில்லை, அவளை உட்கார வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் கண்ணாடி அறை குளுகுளுவென்று இருந்தது. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தெருவில் பேச்சு வந்துவிட்டது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அத்தா அதைத்தான் முதலில் சொன்னார். அவள் ஒரு வருடம்போல பேக்கிங்கில் இருந்தாள். பிறகு ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டாள். அதுவரை பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அவள் அப்படிச் சொன்ன அன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்து மணி அடித்தது. நான் கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போய், அடுத்த போனை எடுத்து மெஷின்மேல் கவிழ்த்தேன்.